சித்தியின் துத்தநாகம்

என் சித்தி ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஒயினோடுதான் இருப்பாள். ஒரு சொட்டு குடித்ததில்லை. "அதுல என்னென்ன உலோகம் கெடக்குன்னு தெரிஞ்சப்புறம் எவன் குடிப்பான்?" என்பாள். அவள் குறை கண்டுபிடிக்காத பொருள் வீட்டில் எதுவுமில்லை, என்னையும் சேர்த்து.

இந்த முறை இருபது புட்டி சாதாரண ஒயின், இருபது புட்டி ஆர்கானிக் ஒயின். எதில் செம்பு, ஈயம், துத்தநாகம் எவ்வளவு என்று அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி அளப்பதுதான் முறையாம். ஆனால் ஆர்கானிக் புட்டிகள் பத்து நாள் பிந்தி வந்ததால், சாதாரண ஒயினை முடித்துவிட்டுத்தான் அவற்றைத் தொட்டாள்.

அங்கேதான் பிடித்தது தலைவலி. ஆர்கானிக் புட்டி இருபதிலும் துத்தநாகம் இரண்டு மடங்கு.

"ஒண்ணு ரெண்டுல கூடினா திராட்சையச் சொல்லலாம். இருபதுலயுமா?" என்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டாள். "செம்பு கூடினாக்கூடப் புரியும். பூஞ்சைக்கு அவங்க மயில்துத்தம்தான் தெளிக்கிறாங்க, அது செம்பு உப்பு, அதுக்கு அனுமதி இருக்கு. ஜிங்க் எங்கேருந்து குதிச்சுது?" துத்தநாகம் அவள் வாயில் எப்போதும் ஜிங்க்தான்.

அவளுடைய மேலதிகாரிக்கு நான் வைத்த பெயர் அவசரம். அவர் போனில் கத்துவது அடுத்த அறை வரை கேட்கும்.

"எண்தான் வந்துடுச்சேம்மா? வெள்ளிக்கிழமை அனுப்பிட வேண்டியதுதானே!"

"தப்பா இருந்தா திராட்சைத் தோட்டக்காரங்க அத்தனை பேரு பேரும் கெட்டுடும் சார். அப்புறம் என் கையெழுத்த எவனும் மதிக்க மாட்டான்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷின் சொல்லாது சார், நாமதான்…" அவர் போனை வைத்துவிட்டார்.

குழாயை மாற்றினாள். அமிலத்தை மாற்றினாள். கருவியைத் திட்டினாள். புதன்கிழமை வெறும் தண்ணீரை எடுத்து, ஒயினுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்து அளந்தாள். அதிலும் துத்தநாகம்.

"தண்ணிய எவன் ஆர்கானிக்கா விளைய வெச்சான்?" வாசலிலேயே செருப்பை உதறினாள். "அப்ப ஒயின்ல இல்ல. எங்கிட்டயோ லேப்லயோதான் இருக்கு." சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து கிரீம் டப்பாவை எடுத்து விரலில் தேய்த்தாள்.

என் கண் அந்த டப்பாவிலேயே நின்றது.

அமிலத்தோடு மல்லுக்கட்டி அவள் விரல்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. அவள் பூசிய ரோஜா வாசனைக் கிரீமால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் ஆர்கானிக் புட்டிகள் வந்த வாரம், டப்பாவைச் சுரண்டி, கைக்குழந்தைகளின் புண்ணுக்குப் போடும் களிம்பை அடைத்து, மேலே ரோஜாவை மெழுகி வைத்தேன். ஒரு மாதம் கழித்து "நீ பூசினது பாப்பா களிம்பு" என்று சொல்லிச் சிரிப்பதாகத் திட்டம். சிரிக்கத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒளித்து வைத்திருந்த டியூபைத் தேடி எடுத்தேன். வேதியியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணை வெளியே சொல்ல முடியாது. ஆனாலும் 'ஜிங்க் ஆக்சைடு' என்று எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"என்ன இது?"

"உன் கிரீம், சித்தி."

படித்தாள். டப்பாவை மோந்து பார்த்தாள். "நான் கையுறை போட்டுக்கிட்டுத்தானே…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு புட்டிக்கும் புதுக் கையுறை. ஒவ்வொன்றையும் விரல் நுனியைப் பிடித்து இழுத்து மாட்டியது அதே களிம்புக் கைதான். அந்த நுனிதான் குழாய்களையும் தொட்டது.

"எருமை! மூணு நாளா என்னைப் பைத்தியமா அலைய விட்டுட்டியே! நானும் விரல் எரியலையேன்னு சந்தோஷமா இருந்தேன், சே!"

பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு மூன்று தடவை கையைத் தேய்த்தாள். அடுத்த இரண்டு நாளில் இருபது புட்டிகளையும் முதலிலிருந்து அளந்தாள். துத்தநாகம் இறங்கி, சாதாரண ஒயினில் இருந்த அளவிலேயே நின்றது. செம்பு மட்டும் ஆர்கானிக்கில் கொஞ்சம் கூடுதல், அதுவும் வரம்புக்குள். அறிக்கையில், 'முதல் அளவீட்டில் என் கையிலிருந்த களிம்பு கலந்துவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று அவசரம் குதித்தாராம். களிம்பை வைத்தது யார் என்று மட்டும் அவள் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தபோது விரல்கள் மறுபடி வெடித்துச் சிவந்திருந்தன.

"அந்த டியூப் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"புளுகாத, கொண்டா. திங்கக்கிழமை வரைக்கும் நான் எதையும் அளக்கப்போறதில்ல."

இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒவ்வொரு விரலாகப் பூசிவிட்டேன். மிச்சத்தை அவள் மூக்கில் வைத்தேன்.