சுவரொட்டியில் எங்கள் வீட்டுப் பெண்

எங்கள் மொட்டை மாடி அறையில் குடியிருந்த பெண் ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி. எனக்கும் அந்தப் பக்கம்தான். நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே அவளும் வேலைக்குச் சேர்ந்து, தங்க இடம் இல்லாமல் தவித்தபோது மேலே வந்துவிடச் சொன்னேன். அவளுக்கும் என் மகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் ஊர்த் தமிழை அவளிடமிருந்துதான் பிடித்துக்கொண்டாள்.

அன்று பகல் ஷிஃப்ட் முடிந்து அவள் எனக்கு முன்னால் கிளம்பினாள். எங்கள் தெருமுனையில் முழங்கால் அளவுக்கு மழைத்தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியவள் கால் இடறி விளக்குக் கம்பத்தைப் பிடித்திருக்கிறாள். கம்பத்தில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. நான் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்காக நின்றபோது ஒரு வண்டி உள்ளே வந்தது. யூனிஃபார்மைப் பார்த்து எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்திருந்தார்கள். அவள் நெஞ்சை அழுத்தி மூச்சை மீட்கப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

அதற்குப் பிறகு அவள் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரமானால் மாடிப்படியில் ஈரக்கால் ஏறும் சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. கேட்கும்போது அடுப்பைத் தணித்துவிட்டு நிற்பேன், அவ்வளவுதான்.

மகள் அந்தக் கம்பத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டியது. கம்பம் அப்படியே நின்றது. சில மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"மம்மி, நான் வார்டு எலெக்‌ஷன்ல நிக்கப் போறேன். சுயேச்சையா."

என் கணவர் லோதி ரோடில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். சாதத்தில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"நல்லவங்க போற இடமா அது?"

"நல்லவங்க யாரும் போகலேன்னுதானே பப்பா அந்தக் கம்பம் இன்னும் அப்படியே நிக்குது?"

அரசியல் என்றாலே கும்பிட்ட கையும் பொய்யும்தான் என்று நினைத்து வாழ்ந்தவள் நான். ஆனால் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை.

கூடப் படித்த ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு அவள் வீடு வீடாகப் போனாள். விடுமுறை நாட்களில் நானும் போனேன். ஒரு வீட்டில் பஞ்சாபி அம்மாள் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "குடி பேட்டி" என்று என் பெண்ணைத் தன் மகளைப்போலக் கூப்பிட்டவர், ஹிந்தியில் சாவகாசமாகச் சொன்னார்: "ஓட்டுக் கேட்டு வரும்போது எல்லோரும் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள். ஜெயித்த பிறகு கார்க் கண்ணாடியைக்கூட இறக்க மாட்டார்கள்."

கோயில் பக்கத்தில் இருந்த தமிழர் ஒருவர் கதவைப் பாதி திறந்து பேசினார். "நல்ல பொண்ணா இருக்கேம்மா. அதனாலதான் சொல்றேன், வேண்டாம். போனா நீயும் அப்படி ஆயிடுவே."

இறந்த பெண்ணின் படத்தை நோட்டீஸில் போடலாம் என்றான் கூட வந்தவன் ஒருவன். படம் பேசும், நாம் பேச வேண்டியதில்லை என்றான். மகள் யோசித்தாள். பிறகு அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஊருக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் அவர் இவளையும் மக்களே என்றுதான் கூப்பிட்டார்.

"வேண்டாம் மக்களே. எனக்க பிள்ளைய தெருவுல ஒட்டாண்டாம்."

நோட்டீஸ் படமில்லாமல் போயிற்று.

அடுத்த வாரம் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பித் தெருவில் இறங்கினேன். சுவர் முழுக்க எங்கள் மாடிப் பெண். பெரிய கட்சி ஒன்று அடித்திருந்த போஸ்டர். ஒரு பக்கம் கைகூப்பிய வேட்பாளர், மறுபக்கம் சிரித்த அவள் முகம், கீழே நீதி கேட்கும் ஹிந்தி வாசகம். பால் கடையில் அவள், பஸ் நிறுத்தத்தில் அவள், அவளைக் கொன்ற கம்பத்திலும் அவள். இந்தியா கேட்டில் என் மகளோடு சேர்ந்து எடுத்து இணையத்தில் போட்டிருந்த படம் அது. என் மகளை வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் தோளைப் பற்றியிருந்த இவள் விரல்கள் மட்டும் வெட்டுப்படாமல் இருந்தன. யாருடையதோ என்று தோன்றும் நான்கு விரல்கள்.

மகள் அந்தக் கட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த இளைஞன் அக்கா முறை வைத்து மரியாதையாகவே பேசினானாம். "தீதி, இது அவங்களுக்காகத்தானே? எலெக்‌ஷன் முடியட்டும், எடுத்துடறோம்." அவன் அதை நம்பித்தான் சொன்னான், அதுதான் மம்மி பயமா இருக்கு என்றாள்.

அந்த நேரம் பார்த்து, இறந்த பெண்ணின் சாமான்களை எடுத்துப்போக அவள் அம்மா ஊரிலிருந்து டெல்லிக்கு வந்தார். நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தேன். ஆட்டோக்காரரைப் பின் தெரு வழியாகப் போகச் சொன்னேன். பின் தெருவிலும் ஒட்டியிருந்தார்கள்.

"நிறுத்தச் சொல்லு" என்றார்.

இறங்கிப் போய்ச் சுவரில் இருந்த கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். பிறகு ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினார். பசை இறுகிப் பிடித்திருந்தது. காதருகே காகிதம் கொஞ்சம் கிழிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"கிழிஞ்சிருமே" என்றார்.

கிழிந்த இடத்தை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அந்தக் கட்சிக்காரர்தான் ஜெயித்தார். என் மகளுக்கு டெபாசிட் போயிற்று. ஊர் போய்ச் சேர்ந்திருந்த அந்த அம்மாள் ஃபோனில் அழைத்து, "நீ எனக்கிட்ட கேட்டேல்ல மக்களே, அது போதும். தோத்தாச்சுன்னு விட்டிராத" என்றார். மகள் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு கம்பத்தை மாற்றினார். படம் எடுத்துப் போட்டுக்கொண்டார். "பார்த்தியா, செஞ்சிட்டார்ல?" என்றார் என் கணவர். "செய்யட்டும் பப்பா, நல்லதுதான். அடுத்த தெருவுல கரண்ட் கசியற கம்பத்தை இன்னும் தொடலை" என்றாள் மகள். அதற்காக மறுபடி அலையத் தொடங்கியிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். பக்கத்து வார்டு. தேர்தலில் நிற்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். ஒருத்திக்கு எங்கள் மாடிப் பெண்ணைப்போலவே ஒல்லியான கழுத்து, நெற்றியில் விழும் முடி. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேண்டாம், வீட்டுக்குப் போ என்று சொல்லத்தான் பக்கத்தில் போனேன்.

"வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி. சொன்னா விட மாட்டாங்க" என்று சிரித்தாள்.

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் அவர்களுக்கும் சேர்த்துத் தோசை வார்க்கக் கல்லை அடுப்பில் வைத்தேன். அவர்கள் பேசும் சத்தம் சமையலறை வரைக்கும் வந்துகொண்டிருந்தது.