தம்பியின் முதுகெலும்பைப் படம் பிடித்த நாள்

தம்பியின் வெள்ளி அரைஞாணை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற காலைப்பொழுது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. படம் எடுக்கும்போது இடுப்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். சின்ன வயதிலிருந்து போட்டிருந்த கொடியை அவன் மனசில்லாமல்தான் கழற்றிக் கொடுத்தான். வயிறு காலியாக இருக்க வேண்டுமென்று முந்தின நாள் விளக்கெண்ணெய் வேறு கொடுத்திருந்தார்கள். அடிபட்ட வலியைவிட அதுதான் கொடுமை என்று, கட்டிலோடு தூக்கி வந்த வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான்.

தங்கச் சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்க மரம் சுமந்து போனவன் வழுக்கி விழுந்து, அடிமுதுகு பாறையில் மோதிவிட்டது. அன்றிலிருந்து படுக்கைதான். முதுகெலும்பு முறிந்துபோயிற்று, இனி எழுந்திருக்க மாட்டான் என்று நாங்கள் குடியிருந்த கூலி லைன் முழுக்கப் பேச்சு. தை மாதம் அவனுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். பெண் எங்கள் மாமன் மகள். பேச்சு மாமாவின் ஊர் குடியாத்தம் வரை எட்ட, அவர் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் வந்து ரயிலிறங்கினார். நிச்சயத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறார் என்பது அவர் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததிலேயே தெரிந்தது. அந்தப் பெண்தான், "படம் புடிக்கப் போறாங்களாமே. அத்தப் பாத்துட்டு முடிவு சொல்லலாம் நைனா" என்றாள்.

எங்கள் தங்கவயலுக்கு மின்சாரம் வந்து அதிகக் காலம் ஆகியிருக்கவில்லை. படமெடுக்கிற வெளிச்சம் உள்ளே புகுந்து குடலைச் சுட்டுவிடும் என்று தம்பிக்குப் பயம். வலிக்காது, அசையாமல் படுத்திருந்தால் போதும் என்று வெள்ளைக்கார டாக்டர் சொன்னதைக் கம்பவுண்டர் தமிழில் சொன்னார். அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, அடியில் தலையணை கொடுத்தார்கள். கறுப்புக் காகிதத்தில் சுற்றிய கண்ணாடித் தகட்டை இடுப்புக்குக் கீழே செருகினார்கள். மேலே தொங்கிய கண்ணாடிக் குடுவை பச்சையாக ஒளிர, பக்கத்திலிருந்த மின்சாரப் பெட்டி படபடவென்று பொரிந்தது. இடி விழுந்த இடத்தில் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை. வாய் ஓயாத என் தம்பி மூச்சுகூட விடாமல் கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தம் அடங்கியதும் தலையைத் திருப்பி, "இன்னாக்கா, இவ்ளோதானா?" என்று கேட்டான்.

தகட்டைக் கழுவி உலர்த்திக் கொண்டுவர மத்தியானம் ஆகிவிட்டது. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மணி கோத்த மாதிரி எலும்புகள் வெள்ளையாக வரிசையாய்த் தெரிந்தன. கம்பவுண்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எலும்பு எங்கயும் முறியல. சதைதான் இறுகிப் போயிருக்குது. படுத்தே கெடந்தா இன்னும் இறுகும். மெதுவா நடக்கச் சொல்றாரு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாமா கண்ணைச் சுருக்கித் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அவர் மகள், "எலும்பு வரிக்கும் பாத்தாச்சு நைனா. இதுக்கு மேல மாப்பிள்ளைய எப்டிப் பாக்கறது?" என்றாள். மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்த் தம்பிக்குத் தோள் கொடுத்தார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

தையில் கல்யாணம் நடந்தது. மணவறையைச் சுற்றி வரும்போது அவன் இன்னும் லேசாக ஒருபக்கம் சாய்ந்துதான் நடந்தான். விரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவள், யாருக்கும் தெரியாதபடி, தானும் அதே பக்கம் சாய்ந்து நடந்தாள்.