கவிழ்த்து வைத்த அண்டா

அமெரிக்காவில் நான்கு மாநிலங்களின் சுட்ட இறைச்சியை ருசி பார்த்துவிட்டு, ஐந்தாவதற்காக டெக்ஸாஸ் சாலையோரக் கடை ஒன்றில் நானும் தங்கை மகனும் வரிசையில் நின்றபோது, கொழுப்பு சொட்டிக் கரியில் பொசுங்கும் வாசனை என்னை ஹைதராபாத்துக்கு, மௌலா அலி ஸ்டேஷன் வாசலுக்குத் தூக்கிப் போனது. அப்பாவுக்கு வேலை போன வருடம் அது. நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அம்மா கடைசி வளையலைக் கொடுத்து ஆட்டுக்கறி வாங்கி, பப்பாளிக்காய் அரைத்து அண்டாவில் பிசறி, தணல்மேல் ஏற்றிய கருங்கல் பலகையில் வாட்டினாள். விற்றால்தான் வீட்டில் சோறு. கல்லில் கறி விழும் சீறலும் அவள் கரண்டி சுரண்டும் ஒலியும் இன்னும் காதில் இருக்கின்றன.

போர்ட்டர் யூசுப் பாய்தான் முதலில் சிரித்தார். "நக்கோ அம்மா, வேணாம்! தமிழ்க்காரங்க தோசை சுடுங்க. கல்லுல சுடுற இந்த பத்தர் கா கோஷ்த் எங்க ஐட்டம்."

"தின்னுட்டுப் பேசுங்க பாய்."

தின்றார். தட்டை மறுபடி நீட்டினார். அவருக்குப் பின்னால் மற்ற போர்ட்டர்களும் நீட்டினார்கள். சாயங்காலப் பாசஞ்சர் வருவதற்குள் கறி தீர்ந்தது. எல்லாம் விற்றுவிட்டதென்று அம்மா காலி அண்டாவை ஊரே பார்க்கும்படி கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு தினமும் கவிழ்த்தாள். அந்த இடத்தில் இப்போது மதில்சுவர் நிற்கிறது.

டெக்ஸாஸில் எங்கள் முறை வந்தபோது கடைக்காரர் 'தீர்ந்துவிட்டது' என்ற பலகையை மாட்டினார்.

"முந்நூறு மைல் வேஸ்ட், மாமா," என்று தங்கை மகன் புலம்பினான்.

நான் அந்தப் பலகையைப் பார்த்துக் கைதட்டினேன்.