ரவி என்ன சொன்னான்?

இங்கிலீஷ் கற்றுத்தரும் தொழிலில் பாதி நேரம், ஒருத்தர் வாயிலிருந்து வந்ததை எடுத்து இன்னொருத்தர் வாயில் வைப்பதிலேயே போய்விடும். என்னைப் போலப் படித்துக்கொண்டே பாடமும் எடுத்துத் தொண்டை வறண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

நான் வேலூரில் எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூரில் ஒரு செல்போன் கடை மாடியில் இருக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் ஏழு பேர். எல்லாரும் வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பும் ஒரே கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் பெண்கள். லைன் முழுக்கப் பெண்கள்தான். ஆனால் பக்கத்தில் நின்று அதட்டும் சூப்பர்வைசர் மட்டும் எப்போதும் ஆண். இந்த வருஷம்தான் பெண்களும் அந்த வேலைக்குப் பரீட்சை எழுதலாம் என்று கம்பெனி இறங்கி வந்தது. பரீட்சை இங்கிலீஷில். முப்பத்தைந்து வயது தாண்டினால் எழுத முடியாது.

அந்த ஏழு பேரில் ஒருவரான ஜெயந்தி அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து முடிய மூன்று மாசம்தான் இருந்தது. அவரை அதட்டிக்கொண்டிருந்த சூப்பர்வைசருக்கு மெஷினில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவரை ஜெயிக்க வைக்காமல் ஓய்வதில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஊசி உடைந்த கதை

ரிப்போர்ட்டட் ஸ்பீச் பாடம். கம்பெனி வேலையை ஒட்டியே இருக்கட்டும் என்று பலகையில் எழுதினேன்: ‘நான் ஊசியை உடைத்துவிட்டேன்’ என்றான் ரவி. இதை நாம் எடுத்துச் சொல்லும்போது, அவன் பேசுவதற்கு முன்பே ஊசி உடைந்து முடிந்துவிட்டது, அதனால் ‘ஹேட் புரோக்கன்’, இதுதான் பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று விளக்கினேன். மாற்றி எழுதுங்கள் என்றேன். ஏழு பேனாவும் அப்படியே நின்றன.

“அவன் யார்கிட்ட சொன்னான் மிஸ்?” என்று கேட்டாள் மெர்சி. வகுப்பிலேயே சின்னவள், வாய் மட்டும் பெரிசு. என்னிடம் சொன்னான் என்று வைத்துக்கொள் என்றேன். “அப்ப உங்களோடவே வச்சிக்கோங்க. முடிஞ்சு போனத இன்னாத்துக்கு கெளர்றீங்க?”

பிறகுதான் தெரிந்தது. அங்கே ஊசி உடைந்தால் அத்தனை துண்டுகளையும் பொறுக்கி ரிஜிஸ்டரில் ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும், தைத்தவள் தலை உருளும். அதனால் ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மேலே கொண்டுபோவதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். ஜெயந்தி அக்காவின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பிழையே இல்லாத இங்கிலீஷில் ஒரே வரி: “ரவி எதுவும் சொல்லவில்லை.”

சென்டர் சாரின் யோசனை

மறுவாரம் சென்டர் நடத்துகிறவரிடம் போய், பாடத்தையே மாற்ற வேண்டும் சார் என்றேன். அவர் மேஜையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். இடப்பக்கம் ‘ஹேவ்’, வலப்பக்கம் ‘ஹேட்’, நடுவில் ஒரு அம்பு. இதை மனப்பாடம் பண்ண வைத்தால் போதுமாம். அவர்கள் என்ன கிளியா என்று கேட்டேன். ரவியைத் தூக்கிவிட்டு ராஜா, மந்திரி என்று போடச் சொன்னார். ராஜா எந்த லைனில் தைக்கிறார் என்று கேட்டேன். அரைமணி நேரம் வாதம் நடந்தது, நான் விடவில்லை.

கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சண்டை போடறதுக்கு ஒரு பரீட்சை வச்சா நீங்க கோல்டு மெடல்மா. மொதல்ல போர்ஷன முடிங்க.”

நல்ல வார்த்தை

சரி, போட்டுக்கொடுப்பதுதானே இவர்களுக்கு ஆகாது? பாராட்டை எடுத்துச் சொல்வதில் என்ன கெடுதல்? ‘உங்கள் வேலையைப் பற்றி சூப்பர்வைசர் சொன்ன ஒரு நல்ல வார்த்தையை எழுதுக’ என்று எழுதிப் போட்டேன். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. ஏழு பேரும் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், சிரித்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் பலகையை அழித்துவிட்டேன். அப்படியானால் நீங்கள் அவர்களிடம் சொன்னதை எழுதுங்கள், உங்கள் சொந்த வார்த்தை, யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றேன். அவ்வளவுதான். லீவு முன்பே கேட்டிருந்தேன் என்று சொன்னேன், மெஷின் ரிப்பேர் என்று முந்தின நாளே எழுதிக் கொடுத்திருந்தேன் என்று சொன்னேன் என்று நோட்டு நோட்டாக நிரம்பியது. ஒரு ‘ஹேட்’ கூடத் தப்பவில்லை. மெர்சி பக்கம் தீர்ந்துபோய் நிமிர்ந்தாள்: “மிஸ், இன்னொரு பேப்பர் குடுங்க, இன்னும் அந்த ஆள்கிட்ட நான் சொன்னது பாக்கி கீது.”

பரீட்சை

கேள்வி இப்படி வந்தது: உங்கள் லைனில் நடந்த ஒரு தவறைப் பற்றி ரிப்போர்ட் எழுதுக, யார் என்ன சொன்னார்கள் என்பதையும் குறிப்பிடுக. அக்கா ஒரு நிஜமான சம்பவத்தையே எழுதியிருக்கிறார். ஒரு கட்டு முழுக்க இடது கால் பீஸாகவே தைத்துவிட்டார்களாம். நாலு பேர் சொன்னதையும் வரிசையாக, சுத்தமாக எழுதிவிட்டார். ஆனால் பெயர் இருக்க வேண்டிய நாலு இடத்திலும் ‘ஒரு டெய்லர்’, ‘ஒரு டெய்லர்’.

அக்கா வந்து இதைச் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. “பேரை எழுதித் தொலைக்க வேண்டியதுதானே அக்கா! மொதல்ல வேலைக்கு வாங்க, அப்புறம் நியாயம் பேசலாம்” என்று கத்தினேன். நான்தான் அப்படிக் கத்தினேன், நம்புங்கள்.

இன்டர்வியூவில் மேனேஜர் அந்தப் பேப்பரைத்தான் கையில் வைத்திருந்தாராம். இங்கிலீஷ் நல்லா இருக்கு, ஆனா பேர் எங்கே, இது பாதி ரிப்போர்ட், பாதி மார்க்தான் என்றாராம். பாதி மார்க் என்றால் வேலை இல்லை. அது அக்காவுக்குத் தெரியும். அவர் சொன்ன பதிலை, அடுத்து உள்ளே போகக் கதவோரம் நின்றிருந்த மெர்சி ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஒப்பித்தாள்:

“சார், நாளைக்கு அந்த நாலு பேரும் என் லைன்லதான் ஒக்காரப் போறாங்க. பேர எழுதிட்டேன்னா அடுத்த தப்ப எங்கிட்ட வந்து சொல்லுவாங்களா? சொல்லலன்னா எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, வெளிநாட்டுக்காரன் டப்பாவத் தொறக்கறப்பதான் தெரியும்.”

மூன்று மாசம் நடத்திக் காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மேனேஜர் இறங்கி வந்தார்; இப்போது லைனை நடத்துவது ஜெயந்தி அக்கா. அந்த வகுப்பில் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சை நன்றாகக் கற்றுக்கொண்டு, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று ஊருக்கே போட்டுக்கொடுத்தவள் நான் ஒருத்திதான்.