தவக்காலத்தில் ஓர் அல்லேலூயா

நைனாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். தன் சர்க்கரை வியாதியைப் பல வருடங்கள் அவளேதான் கட்டி மேய்த்தாள். மறதி வந்தபின் அந்த வேலை அம்மாவின் தலையில் விழுந்தது. சாப்பிட்ட கையோடு அத்தை பக்கத்து வீட்டுக்குப் போய், "எங்க வூட்ல சோறே போடல" என்று சொல்லிச் சர்க்கரை போட்ட காபியை வாங்கிக் குடித்துவிட்டு வருவாள். அம்மாவுக்கு மானம் போகும். ஆனால் ஒன்றை மட்டும் அத்தை மறக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்து ஒருசந்தி. வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளைதான் சாப்பாடு, பெரிய வெள்ளியன்று அதுவும் கிடையாது. காய்ச்சலில் கிடந்தபோதுகூட அதை விட்டவள் இல்லை. எனக்கு அதில் ஏகப் பெருமை.

அந்த வருடம் தவக்காலம் பாதிகூட முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மா அத்தைக்கு இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டு இட்லித் தட்டை நீட்டினாள். சாப்பிட வைத்துவிட்டு ஊசி போடும் முறைக்கு டாக்டரைக் கேட்டு மாறியதெல்லாம் அதற்கப்புறம்தான். அத்தை தட்டைத் தள்ளிவிட்டாள்.

"இன்னிக்குப் பெரிய வெள்ளி. ஆண்டவரு செத்துக் கெடக்குறாரு, இட்லி ஒரு கேடா?"

ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆளையே சாய்த்துவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும். கெஞ்சினாள், அதட்டினாள். கொஞ்ச நேரத்தில் அத்தையின் நெற்றி வியர்த்தது, கை நடுங்கியது. அம்மா சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கி வாயருகே கொண்டுபோனாள். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவலூர்பேட்டைச் சவாரிக்காக வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த நைனா ஓடிவந்தார். அவரும் அன்று ஒருசந்திதான்.

"அக்கா, ரெண்டு முழுங்கு குடி."

"உபதேசியாரே, நீங்களே இப்டிச் சொல்லலாமா?" என்றாள் அத்தை, நாக்குக் குழற. கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் என்றுதான் சில மாதங்களாக அவரை நினைத்திருந்தாள்.

நைனா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பாடத் தொடங்கினார். அவருக்குப் பாட்டு சுத்தமாக வராது. கோயிலில் வாயை மட்டும் அசைப்பார். "அல்லேலூயா, அல்லேலூயா" என்று கட்டைக் குரலில் வீடே அதிரப் பாடினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தவக்காலம் முழுக்க அந்த வார்த்தையைப் பாடவே கூடாது, ஆண்டவர் உயிர்த்த ஈஸ்டருக்குத்தான் பாட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அத்தைதான். அம்மாவும் மூக்கைச் சிந்திவிட்டுக் கூடச் சேர்ந்துகொண்டாள்.

அத்தை நிமிர்ந்தாள். "உயிர்த்துட்டாரா?"

"உயிர்த்துட்டாரு. குடி அக்கா."

குடித்தாள். நடுக்கம் அடங்கும்வரை நைனா அவள் கையை விடவில்லை. அப்புறம் இட்லியும் உள்ளே போனது. பாதியில் ஒரு துண்டைப் பிட்டு அவர் வாயருகே நீட்டினாள்.

"நீயும் துன்னுடா தம்பி. நாப்பது நாளா காஞ்சி கெடக்குற."

வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். மென்றுகொண்டே அழுதார். தவக்காலத்தில் அல்லேலூயா ஒன்று, ஒருசந்தியை முறித்தது ஒன்று, ஆக இரண்டு பாவம். நரகத்துக்குப் பயந்துதான் அழுகிறார் என்று முடிவுகட்டி, அன்று மாலை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்தில் முட்டி வலிக்க வலிக்க அவருக்காக மன்றாடினேன். அத்தை அவரைத் தம்பி என்று கூப்பிட்டது என் காதிலும் விழுந்திருந்தது. அதற்கும் அவர் அழுகைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.