ஒரு காதுகுத்துக்கு இரண்டு தாய்மாமன்கள்

அகதி முகாமை விட்டுச் செஞ்சியில் வாடகை வீட்டுக்கு வந்த புதிதில், தெருவே எனக்காக இரக்கப்பட்டது. இலங்கைப் போரில் என் அண்ணன்மார் ஒருவரும் மிஞ்சவில்லை என்று ஒருநாள் குழாயடியில் சொன்னேன். "ஐயோ பாவம்" என்ற அம்மாள் அடுத்த மூச்சிலேயே, "உங்க தமிழு எவ்ளோ இனிமையா இருக்குது! இன்னும் கொஞ்சம் பேசும்மா" என்றாள். அண்ணன்மாரைப் பறிகொடுத்தவளுக்கு உச்சரிப்புக்குப் பாராட்டுக் கிடைத்தது.

சின்ன மகளுக்குக் காது குத்த நாள் குறித்தபோதுதான் சிக்கல் வந்தது. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இந்த ஊரில் மாமனில்லாத காதுகுத்து காதுகுத்தே இல்லை. என் பிள்ளை யார் மடியில் உட்காருவாள் என்று நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் கேள்விப்பட்டு, "நான் இல்லியா? இன்னாத்துக்கு டென்ஷன்?" என்றார். "ஓம் அண்ணா" என்றேன். மறுநாள் எதிர்வீட்டு லாரி டிரைவர் வந்து, "மடி என்னுது தங்கச்சி" என்றார். அவருக்கும் "ஓம் அண்ணா." முகாமில் பழகிய நாக்கு, யார் எதைக் கேட்டாலும் முதலில் ஓம் சொல்லிவிட்டுத்தான் யோசிக்கும்.

பனமலைக் கோயிலில் இரண்டு மாமன்களும் ஆளுக்கொரு சீர்த்தட்டோடு வந்து இறங்கினார்கள். காது குத்த வந்த ஆசாரி, "காது ரெண்டு இருக்குது, மடியும் ரெண்டு இருக்குது. ஆளுக்கு ஒண்ணு" என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் போருக்கு வந்த சமாதானத் தூதர்கள் எவருக்கும் வராத புத்தி. ஆனால் எந்தக் காது முதலில் என்று அடுத்த போர் மூண்டது. முதல் காது வீட்டுக்காரருக்குப் போயிற்று. டிரைவர் தன் முறை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பிள்ளையை என் கையில் கொடுத்து, "எனக்கு எலை போடாத" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பிள்ளையைக் கணவரிடம் தள்ளிவிட்டு ஓடினேன். பயந்துதான் ஓடினேன்; ஆனால் ஏரிக்கரையில் சிரிப்பும் வந்தது. இத்தனை வருடத்தில் இந்த ஊரில் ஒருவர்கூட என்னிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனதில்லை. அகதியிடம் யார் கோபித்துக்கொள்வார்கள்? அதற்கு உரிமை வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இன்னா, சமாதானம் பண்ண வந்தியா? நானா அவனா, ஒருத்தன சொல்லு. ஒரு தங்கச்சிக்கு எதுக்கு ரெண்டு அண்ணன்?"

"எனக்கு மூண்டு பேர் இருந்தவை, அண்ணா. உங்கள் ரெண்டு பேரையும் சேர்த்தாலும் ஒரு ஆள் குறையுது."

பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. திரும்பி வந்து, வீட்டுக்காரருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பாரில் உப்பில்லை என்று என்னைத் திட்டினார்.