பொம்மைப் புத்தகத்தின் ஏழாம் பக்கம்

ஐந்தாம் வகுப்பில் என்னைவிடச் சத்தமாகப் படிக்கிறவர்கள் யாரும் கிடையாது. பிரேயரில் செய்தி வாசிப்பது நான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்தால் எழுப்பி நிறுத்தப்படுவதும் நான். ரேஷன் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினால்கூட, தெருவில் இருப்பவர்கள் என்னைத்தான் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தத் தலைக்கனம் போய் முட்டிய இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, கல்யாணமாகி அரக்கோணம் பக்கம் போனவள். இரண்டாவது வருஷமே ஒரு கட்டைப்பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவா" என்று அம்மா கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அந்தக் கொஞ்ச நாள் ஒன்றரை வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. சித்தியின் முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு இருந்தது. குக்கர் பட்டுவிட்டது என்பாள். அவள் புருஷன் வீட்டில் இன்னும் விறகடுப்புதான் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததும் என் காதில் விழுந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

எங்களுடையது ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மா பட்டுச்சேலைக் கடையில், வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் சேலைகளை மறுபடி மடித்து வைக்கும் வேலை பார்த்தாள். சித்தி எங்கள் தெருவிலேயே ஒரு தறி வீட்டுக்குப் போய், நெய்கிறவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுத்தாள். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் மாதம் தவறாமல் சித்தியின் புருஷனுடைய அண்ணன் வருவார், டீ குடிப்பார், "எப்போ அனுப்பறீங்க?" என்பார். அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு "பாக்கலாம்ணா" என்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள்.

பக்கத்தில் செவிலிமேட்டில் பெண்களுக்கான தையல் நிலையம் ஒன்று இருந்தது. அதை நடத்திய மேடம் எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, சித்தி வராந்தாவில் உட்கார்ந்து குரோஷா ஊசியால் என் தலைக்கு ஒரு பூ பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். மறுநாளே வீட்டுக்கு வந்தார். கையில் பொம்மை செய்யும் புத்தகம் ஒன்று இருந்தது. குரோஷா நூலில் யானை, முயல், பாப்பா என்று பதினைந்து பொம்மைகள். படிக்கத் தெரியாத பெண்களுக்காக நிலையம் தயாரிக்கிற புத்தகம். இது மாதிரிப் பிரதி. எழுத்து இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தே பொம்மை செய்ய முடிகிறதா என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகு மொத்தமாக அச்சடிக்கப் போகிறார்களாம். அதனால் படங்களுக்குக் கீழே இருந்த தமிழ் வரிகளின்மேல் வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டியிருந்தார்கள்.

சித்தி இரண்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவாள், பஸ்ஸில் ஊர்ப் பெயர் பார்ப்பாள், அவ்வளவுதான். அதனால்தான் மேடம் அவளைத் தேடி வந்திருந்தார். "படிச்சவங்க யாரும் உதவி பண்ணக் கூடாது, சரியாம்மா? எங்க நிக்குதோ அங்க அப்பிடியே விட்டுடுங்க. எனக்கு அதான் வேணும். பரீட்சை உங்களுக்கு இல்ல, புத்தகத்துக்குத்தான்" என்றார். கிளம்பும்போது, வகுப்பு தொடங்கினால் சித்தியையே சொல்லிக்கொடுக்க வைத்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது என்றும், நிலையத்தின் பின்னால் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது, அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சித்தி அதைக் கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

மேடம் தெரு முனை திரும்பியதும் நான் சித்தியிடம் கேட்டேன், பரீட்சை உனக்கு இல்லையாமே என்று. சித்தி சிரித்தாள். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்கடி. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட, சும்மாதான் வந்தோம், பேசிட்டுப் போலாம்னு வந்தோம்னாங்க. நடக்கச் சொன்னாங்க, முடிய அவுத்துக் காட்டச் சொன்னாங்க" என்றாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

தறி வீட்டிலிருந்து வந்ததும் மாலை வெளிச்சத்தில் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். முதல் ஆறு பக்கங்கள் விறுவிறுவென்று போயின. படத்தைப் பார்ப்பாள், விரலால் தடவுவாள், வாய்க்குள்ளேயே கண்ணிகளை எண்ணிக்கொண்டு பின்னுவாள். ஒரு முயல் வந்தது, ஒரு ஆமை வந்தது. முயலை நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்ப் பெருமையடித்தேன். "சித்தி பாஸ்" என்று நானே மார்க்கும் போட்டேன்.

ஏழாம் பக்கத்தில் இருந்தது பாப்பா பொம்மை. அங்கேதான் வண்டி நின்றது. முதல் படத்தில் தலை உருண்டையாக இருந்தது. அடுத்த படத்தில் கழுத்து சுருங்கி, அதற்குக் கீழே உடம்பு வந்துவிட்டது. நடுவில் என்ன செய்தார்கள் என்று எந்தப் படமும் சொல்லவில்லை. சித்தி பின்னப் பின்னத் தலை கீழே இறங்கிப் பைபோல நீண்டுகொண்டே போனது. பிரித்தாள், பின்னினாள், மறுபடி பிரித்தாள். நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் வேறு வழியில்லாமல், பஞ்சை அடைத்துவிட்டுக் கழுத்தில் ஒரு நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பாப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. வேலையிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்ததும் வெடுக்கென்று பிடுங்கி நூலை அறுத்துப் போட்டாள். "இன்னாடி இது, கழுத்துல கயிறு கட்டி வெச்சுக்கினு! விளக்கு வெக்கிற நேரத்துல!" என்று கத்தினாள். சித்தி குனிந்து அறுந்த நூலைப் பொறுக்கினாள். "நான் ஃபெயிலுதான்க்கா" என்றாள். அப்படியே அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் முகம் கழுவப் போன நேரத்தில் புத்தகத்தை எடுத்தேன். விரலை எச்சிலில் நனைத்து, ஏழாம் பக்கத்துப் பட்டையை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரித்தேன். கீழே இருந்தது இரண்டே வரி: கழுத்து வரும் சுற்றில் இரண்டிரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னவும், வாய் மூடும் முன் பஞ்சு அடைக்கவும். சித்தி திரும்பி வந்ததும் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ஊசியை எடுத்தாள். அரை மணி நேரத்தில் பாப்பாவுக்குக் கழுத்து வந்துவிட்டது. ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி, பட்டையை இருந்த இடத்திலேயே ஒட்டினேன். ஒட்டினது தெரியவே இல்லை. கெட்டிக்காரி ஆயிற்றே நான்!

ஒரு வாரத்தில் மேடம் வந்தார். பொம்மைகளை வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்தார். "எங்கயாவது நின்னுச்சாம்மா?" என்றார். "இல்ல மேடம்" என்றாள் சித்தி. மேடம் பக்கங்களைப் புரட்டி ஏழாவதில் நிறுத்தினார். "இந்த இடம் எனக்கே சந்தேகமா இருந்துச்சு. இங்க கஷ்டமா இல்லையா? இருந்தா சொல்லலாம், தப்பே இல்ல" என்றார். நான் சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தி என் கையை அழுத்தினாள். "படத்தைப் பாத்தாலே தெரியுது மேடம்" என்றாள். மேடத்துக்குச் சந்தோஷம். தாளில் எதையோ எழுதிக்கொண்டு போனார்.

காலாண்டு லீவில் வகுப்பு தொடங்குவதாக முடிவானது. வகுப்பு ஒரு வாரம் நன்றாக நடந்துவிட்டால் அறைச் சாவி சித்தியின் கையில். சித்தி அதற்குள்ளாகவே ஒரு பச்சை பக்கெட்டும் பாயும் வாங்கி எங்கள் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தாள். அந்த மாதம் புருஷனின் அண்ணன் வந்தபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "அவ வேலைக்குப் போறாண்ணா, வர மாட்டா" என்றார். அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சித்தி அன்று அப்பாவின் தட்டில் ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினாள்.

லீவு என்பதால் வகுப்புக்கு என்னையும் கூட்டிப் போனாள். பதினெட்டுப் பெண்கள், ஆளுக்கு ஒரு புதுப் புத்தகம். எழுத்தே இல்லை, வெறும் படம். முதல் மூன்று நாள் சித்தி ராணி மாதிரி நடந்தாள். நான்காம் நாள் ஏழாம் பக்கம் வந்தது. பதினெட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள். சித்தி ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் உட்கார்ந்து, அவர்கள் கையிலிருந்து வாங்கித் தானே பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண், "நீ போட்டுக் குடுத்தா எப்பிடிக்கா, படத்துல எங்க இருக்குது அது?" என்று கேட்டாள். சத்தம் கேட்டு மேடம் உள்ளே வந்தார். "ஆமா, நீங்க எந்தப் படத்தைப் பாத்து இதைக் கண்டுபிடிச்சீங்க? அதை அவங்களுக்குக் காட்டுங்கம்மா" என்றார்.

சித்தி பக்கத்தைப் பார்த்தாள். முதல் படத்தைத் தொட்டாள், இரண்டாவதைத் தொட்டாள். மறுபடி முதல் படத்துக்கே விரலைக் கொண்டுபோனாள். என் சித்தி பதில் தெரியாமல் நிற்கிறாள், எனக்குப் பதில் தெரியும். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று, பிரேயரில் வாசிக்கிற அதே குரலில், "கழுத்து வரும் சுற்றில் இரண்டிரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னவும், வாய் மூடும் முன் பஞ்சு அடைக்கவும்!" என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.

மேடம் என்னைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேம்மா" என்றார், அவ்வளவுதான். சுவரோரம் புத்தகங்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் அதே ஏழாம் பக்கம். அடுத்த வாரம் எழுத்துத் தெரிந்த வேறொரு பெண்ணைச் சொல்லிக்கொடுக்கப் போட்டார்கள். அறையும் அவளுக்குப் போனது.

இன்று யோசித்தால் மேடத்தின்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பரீட்சை புத்தகத்துக்குத்தான் என்று உண்மையைத்தான் சொன்னார். பொண்ணு பார்க்க வந்த நாளிலிருந்து சித்தியிடம் யாரும் உண்மை சொன்னதில்லை. சொன்ன ஒரே ஆளை அவளால் நம்ப முடியவில்லை. நம்பாமல் போனது அவள் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நான் அந்தப் பட்டையைத் தொடாமல் இருந்திருந்தால் போதும். இந்த நினைப்பு எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அடுத்த மாதம் புருஷனின் அண்ணன் வந்தபோது அப்பா மறுபடியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அம்மா நான்கு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு அம்மாவும் சித்தியின் துணிகளைச் சேலைக் கடை மடிப்பாக மடித்துக் கட்டைப்பையில் அடுக்கினாள். அப்பாவின் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அரக்கோணம் பஸ்ஸில் அந்த அண்ணன் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். வகுப்பில் நான் எழுந்து சொன்ன நாளிலிருந்து ஒரு மாதமாக யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அதனால் அவளிடமே கேட்டேன், "சித்தி, அன்னிக்கு நான் கரெக்டாத்தானே படிச்சேன்?"

சித்தி கன்னத்திலிருந்த கையை எடுத்து என் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"ரொம்ப நல்லா படிச்சே கண்ணு. ஒரு தப்புகூட இல்ல" என்றாள்.

பஸ் கிளம்பியது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா அழுதுகொண்டே வந்தாள். எனக்கு மட்டும் வீடு வந்து சேரும்வரை சந்தோஷமாக இருந்தது.